முதல் தீனி

பாரந்தின்னியின் வயிற்றைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அந்தத் தொழிலில் எல்லோரும் கற்கும் முதல் பாடம் அது. கல்லின் மேல் உட்கார்ந்து கல்லின் கனத்தைத் தின்கிற பிராணிக்கு வயிறு உப்பத்தான் செய்யும். வேலை அதிகமான மாதத்தில் பூசணிக்காய் மாதிரி இருக்கும், வேலை இல்லாவிட்டால் ஒட்டிப்போகும். பாரம் ஏறிய வயிற்றைத் தொட்டால் பிடியை விட்டுவிடும் என்பதால் அதை வளர்க்கும் எந்தப் பாரக்காரியும் அங்கே கை வைப்பதுமில்லை.

அதனால்தான், மூன்று நாளைக்கு முன்னால் அண்ணி சொன்னபோது பாரக்காரி மூட்டை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் சாம்பலி மாசமா இருக்கற மாதிரி தெரியுதுடி. நடையப் பாரு."

"அண்ணி, நீங்க சுண்ணாம்பு கலக்கறதோட நிறுத்திக்கோங்க. பாரந்தின்னி வயித்தப் பாத்து மாசம் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"மூணு பெத்தவ சொல்றேன். அப்புறம் உன் இஷ்டம்." அண்ணி சாந்துத் தொட்டிக்குத் திரும்பிவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாகப் பாரந்தின்னி வளர்ப்பவளுக்குச் சுண்ணாம்பு கலக்குபவள் பாடம் எடுப்பதா என்று மூட்டைக்கு உள்ளூர இளக்காரம். யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். சறுக்குகிற யானை தான் மட்டும் விழுந்து எழுந்தால் பரவாயில்லை. பக்கத்தில் நிற்பவன் மேலல்லவா விழுந்து தொலைக்கிறது.

மூட்டை என்பது அவளுக்கு அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் அவளை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகத் திரிந்தவன் அவன்தான். "இது தங்கச்சி இல்ல, நெசமாவே மூட்டை. என் முதுகெலும்பு தேஞ்சதே இவளாலதான்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்புவான். ஆனால் பாதி வழியில் இறக்கிவிட்டதாகச் சரித்திரம் இல்லை. இப்போது அவன் கொத்தனார், அவள் பாரக்காரி, இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. நாற்பது வயதைத் தாண்டியும் அவள் உடம்பு அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. முழங்கால்தான் பாவம், ஓயாமல் முறையிட்டது. சாயங்காலம் வேலை முடிந்ததும் சாம்பலியைப் பத்து நிமிஷம் மடியில் ஏற்றிக்கொள்வாள். அது முனக ஆரம்பித்ததும் உடம்பின் கனமெல்லாம் போய்விடும். அந்தப் பத்து நிமிஷம் அவளுக்குச் சொர்க்கம்.

பாரந்தின்னி பூனை அளவுதான் இருக்கும். சாம்பல் நிறம், குட்டைக் கால், அகன்ற தட்டைப் பாதம். நான்கு பாதமும் எதன் மேல் படுகிறதோ அதன் கனத்தைத் தின்னும். தின்னும்போது வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் வரும். ரீங்காரம் கேட்கிற வரை கல் பஞ்சு. அது இறங்கிவிட்டால் கனம் கல்லுக்கே திரும்பும். வயிற்றில் ஒட்டிக்கொண்ட மிச்சசொச்சம் புழுக்கையாக விழும். கடலை அளவுப் புழுக்கைதான், ஆனால் கடப்பாரை போட்டு நெம்பினால்தான் நகரும். வேலையிடத்தைப் பெருக்குகிறவர்கள் பாரக்காரிகளைத் திட்டாத நாள் கிடையாது.

குட்டியின் கதை வேறு. பிறந்ததும் அதன் நான்கு பாதமும் முதலில் எதன் மேல் படுகிறதோ, அதன் கனத்தில் ஓர் ஆள் எடை வரை தின்றுவிடும். அந்த முதல் தீனியை மட்டும் அது உயிரோடு இருக்கும் வரை திருப்பித் தராது. எனவே பாரக்காரிகள் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, தயாராக ஒரு கூழாங்கல்லை வைத்துக் காத்திருப்பார்கள். துணிக்குக் கனம் போனால் என்ன, கூழாங்கல்லுக்குப் போனால் என்ன. ஒருத்தி அசந்த நேரத்தில் குட்டி வாளியில் விழுந்துவிட்டது. அந்த வாளி அன்றிலிருந்து கிணற்றில் முங்குவதே இல்லை, தண்ணீர் மேல் உட்கார்ந்துகொண்டு பல்லைக் காட்டும். இன்னொருத்தி வீட்டில் குட்டி குழந்தையின் மார்பில் ஏறிவிட்டது. அந்தக் கதையை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

அன்று காலை தானியச் சந்தையின் புது வாசலுக்கு உத்தரக்கல் ஏற்றினார்கள். இரண்டு தூண்கள், ஒவ்வொன்றும் மூன்று ஆள் உயரம். அவற்றின் மேல் குறுக்காகப் படுக்க வேண்டிய கல் நாற்பது ஆள் எடை. சாம்பலி அதன் மேல் உட்கார்ந்ததும் எட்டுப் பேர் கப்பிக் கயிற்றைப் பிடித்து, வைக்கோல் கட்டைத் தூக்குவதுபோல் பேச்சும் சிரிப்புமாக ஏற்றிவிட்டார்கள். இடது முனை தூணின் தலையில் உட்கார்ந்துவிட்டது. வலது முனை மற்ற தூணின் தலையில் வெட்டிய குழிக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. சாரத்தில் நின்றிருந்த அண்ணன், குழியில் பரப்பிய ஈரச்சாந்தில் ஏதோ ஜல்லித் துண்டு கிடப்பதைப் பார்த்து, அதை எடுக்க வலது கையை உள்ளே விட்டான்.

ரீங்காரம் அறுந்தது.

ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். எட்டுப் பேர் கையிலும் கயிறு உருவிக்கொண்டு ஓட, வலது முனை குழிக்குள் கோணலாக இறங்கிச் சிக்கியது. உடனே ரீங்காரம் திரும்பிவிட்டது. அதற்குள் அண்ணன் போட்ட அலறலில் சந்தைக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன.

கீழே நின்றிருந்த மூட்டை அண்ணாந்து பார்த்தாள். சாம்பலி வாலை விறைத்துக்கொண்டு நின்றது. அதன் வயிற்றின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓர் அலை ஓடியது. கனம் தின்ற வயிறு அப்படி அசையாது. பக்கத்தில் சாந்து மண்வெட்டியோடு அண்ணி நின்றிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"என்ன ஆச்சு உன் ஜீவனுக்கு?" மேஸ்திரி ஓடி வந்தார்.

"பிரசவ வலி."

"பிரசவ வலியா! இத இப்ப சொல்றியா?"

"எனக்கே இப்பதான் தெரியும், மேஸ்திரி."

மேஸ்திரியின் முகம் போன போக்கை வேறொரு நாளாக இருந்தால் மூட்டை ஒரு வாரம் நடித்துக்காட்டியிருப்பாள். அவர் சாரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். கீழே ஈரச்சாந்து இருந்ததால் கை கூழாகவில்லை, ஆனால் முழங்கை வரை கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கல் குழியின் இரண்டு சுவர்களையும் கடித்துக்கொண்டு நிற்பதால் கயிற்றை இழுத்து ஒன்றும் ஆகாது. பக்கவாட்டில் கடப்பாரை கொடுத்து இரண்டு இடி இடித்தால் கிளம்பும்.

"இடிச்சா அது குதிச்சிடும்" என்றாள் மூட்டை. "இப்பவே தவிக்குது. இருட்டா, கதகதப்பா ஒரு இடம் தேடும். கெடைக்கலன்னா இறங்கிப் போயிடும்."

அது இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது ஆள் எடை கோணலாக உட்கார்ந்தால் தூணின் தலை பிளக்கும், சாரம் சரியும், கல்லோடு சேர்ந்து அண்ணனும் வருவான்.

"வேற பாரந்தின்னி?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. வந்து சேர மதியம் ஆயிடும்."

மேஸ்திரி கயிற்றுக்காரர்களில் ஒருவனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவன் தச்சுக் கொட்டகைப் பக்கம் ஓடி, ரம்பத்தோடு வந்தான். மேலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"மேஸ்திரி, ரம்பம் எதுக்கு?"

"பலகை அறுக்கப்பா. சும்மா."

"முப்பது வருஷக் கொத்தனாருகிட்ட கத விடாதீங்க." அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அது வலது கை, மேஸ்திரி."

அண்ணி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சாரத்தின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், அவள் பிடித்தால் சாரம் நின்றுவிடும் என்பதுபோல.

மூட்டை இடது பக்கத்துச் சாரத்தில் ஏறத் தொடங்கினாள். கயிற்றுக்காரன் ஒருவன் தடுத்தான். "அக்கா, நீங்க வேணாம். கல்லு பஞ்சா இருக்கு, மேல ஏறுறவங்க கனம் அப்பிடியே அவர் கையிலதான் இறங்கும். ஒல்லியா யாராவது போகட்டும்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. சாம்பலி தின்பது கல்லின் கனத்தை மட்டும், கல் மேல் உட்கார்ந்தவளின் கனத்தை அல்ல. ஆனால் வேறு யார் கிட்டே போனாலும் அது குதித்துவிடும். அவள் சாரத்தின் பாதியில் நின்றபடி அண்ணனைப் பார்த்தாள்.

"ஏறுடி" என்றான் அவன். "உன் கனம் எனக்குப் புதுசா?"

அவள் உத்தரக்கல்லில் குப்புறப் படுத்து ஊர்ந்தாள். இடது முனையில் இருக்கும் வரை அவள் கனத்தைத் தூண் தாங்கியது. நடுவை நெருங்க நெருங்க அது மறுமுனைக்கு ஏறியது. ஒவ்வொரு முழத்துக்கும் அண்ணனின் மூச்சு மாறுவது அவளுக்குக் கேட்டது. முதலில் மூக்கால் விட்டான். பிறகு வாயால். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு.

"அண்ணே?"

"வா. பேசாம வா."

சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்தையும் அன்று அவள் சபித்தாள்.

சாம்பலி கல்லின் நடுவைத் தாண்டி வலது பக்கமாக நின்று, ஓரத்தில் தலையை நீட்டிக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூட்டை அதன் ரீங்காரத்தைப் போலவே வாய்க்குள் முனகினாள். அது திரும்பிப் பார்த்தது. அடுத்த வலி வந்தது. ரீங்காரம் தேய்ந்தது, கல் நறநறவென்று ஒரு விரல்கடை இறங்கியது, அண்ணன் கத்தினான். அவள் கல்லைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ரீங்காரம் திரும்பியபோது தான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

இன்னும் ஒரு முழம் ஊர்ந்து, மேல்துண்டை உருவிச் சாம்பலியின் மேல் கூடாரம் போலப் போர்த்தினாள். முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி அதன் மேல் கவிழ்ந்துகொண்டாள். இருட்டாயிற்று. கல் சில்லென்று இருந்தது. துண்டுக்குள் தலையை விட்டு வாயால் ஊதி ஊதிச் சூடாக்கினாள். சாம்பலி ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் அது செய்த காரியம் அவள் பயந்த காரியம்தான். அவள் மடியில் ஏறப் பார்த்தது.

மடியில் ஏறினால் பாதம் கல்லை விட்டுவிடும். அத்தனையும் முடிந்துவிடும். அவள் தொடைகளை இறுக்கி மூடிக்கொண்டாள். அது முகத்தால் முட்டியது, மெல்லப் பிராண்டியது, ஏன் என்பதுபோல் ஒரு சத்தம் போட்டது. பத்து வருஷமாக மடியில் ஏற்றிப் பழக்கியவள் அவள்தானே, அது வேறு எங்கே போகும்?

"இன்னிக்கு வேணாம் தங்கம். இன்னிக்கு மட்டும் வேணாம். இங்கயே படு."

அது படுத்தது. பாதங்கள் கல்லில் இருந்தன.

மேஸ்திரி ரம்பத்தோடு வலது பக்கச் சாரத்தில் ஏறிவிட்டார். அண்ணனின் தோளுக்குக் கீழே ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டுவது அவளுக்குக் கேட்டது. "இன்னொரு தடவ இறங்கினா நான் அறுத்துடுவேன். ஆளாவது மிஞ்சட்டும்" என்றார் அவர்.

வலி வந்தது. ரீங்காரம் நூலாக மெலிந்தது, அறுந்துவிடும் போலிருந்தது. அவள் தொண்டை கிழிய முனகினாள், இரண்டு பேருக்கும் சேர்த்து முனகுகிறவள் போல. ரம்பத்தின் பல் எங்கேயோ உரசியது.

"வெட்டிடாதீங்க மேஸ்திரி! வந்துடுச்சு!"

ஒற்றைக் குட்டி. கருச்சவ்வு மூடியபடியே வழுக்கிக்கொண்டு வந்தது. சரிந்து நின்ற கல், சிற்பிகள் இழைத்து வைத்த வழவழப்பு, போதாததற்கு ஈரம். துண்டின் ஓரத்தைத் தாண்டி அது வலது பக்கமாக வழுக்கிக்கொண்டே போனது. விளிம்புக்கு அப்பால் மூன்று ஆள் பள்ளம். சாம்பலி விருட்டென்று தலையைத் தூக்கியது. குட்டி விழுந்தால் தாய் பின்னாலேயே குதிக்கும், அதில் சந்தேகமே இல்லை.

கைக்குச் சுற்ற வேண்டிய துணி சாம்பலியின் மேல் கிடந்தது. கூழாங்கல் வீட்டில் இருந்தது. முங்காத வாளியும், அந்தக் குழந்தையும் ஒரு நொடி அவள் நினைவில் வந்து போயின. அவள் கையை நீட்டினாள்.

விளிம்பில் பிடித்தாள். பிடித்த பிடியில் சவ்வு கிழிந்தது. பருத்திக்கொட்டை அளவுப் பாதங்கள் நான்கும் அவளுடைய வெறும் உள்ளங்கையில் பதிந்தன. ஒரு சின்ன ரீங்காரம் கேட்டது.

முழங்கால் வலி நின்றது.

"மூட்டை!" அண்ணன் அலறினான். கை நசுங்கியபோதுகூட அவன் அப்படி அலறவில்லை. "ஐயோ, விழுந்துட்டாடா! யாராவது கீழ பாருங்கடா! அவ கனத்தக் காணோம், என் கையில அவ கனத்தக் காணோம்!"

"விழல அண்ணே" என்றாள் அவள். "இங்கதான் இருக்கேன்."

காற்றடித்தது, உடம்பு கல்லிலிருந்து கிளம்பப் பார்த்தது. இரண்டு காலாலும் உத்தரக்கல்லைக் கவ்விக்கொண்டு, குட்டியைச் சாம்பலியின் வயிற்றோடு சேர்த்தாள். தாய் நக்கியது, சுருண்டது, குட்டிக்கு மார்பைக் கொடுத்தது. ரீங்காரம் அவள் இருபத்திரண்டு வருஷத்தில் கேட்காத ஆழத்துக்கு இறங்கியது. இனி இடி விழுந்தாலும் அது எழாது.

"இப்ப இடிங்க மேஸ்திரி. எவ்வளவு வேணாலும் இடிங்க."

ரம்பம் கீழே விழுந்தது. கடப்பாரை இரண்டு முறை இடித்தது, மூன்றாவது முறை கல் கிளம்பியது. அண்ணனின் கை வெளியே வந்தது. இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, தோல் உரிந்து, சுண்ணாம்பில் வெந்து, ஆனால் ஐந்து விரலும் அசைகிற கை. கீழே எல்லோரும் கத்தினார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு!" என்று மேஸ்திரி சாரத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

கல் உரிய இடத்தில் உட்கார்ந்து, சாம்பலியும் குட்டியும் கூடையில் இறங்கி, அண்ணன் கையில் பலகை வைத்துக் கட்டிய பிறகுதான் மூட்டை இறங்கினாள். இறங்கினாள் என்று எப்படிச் சொல்வது? சாரத்துக் கம்பை ஒவ்வொன்றாகப் பிடித்து, தண்ணீருக்குள் முங்குகிறவள்போல் தன்னைத் தானே கீழே இழுத்துக்கொண்டு வந்தாள்.

அண்ணிதான் முதலில் பார்த்தாள். இந்த முறையும் அண்ணிதான்.

"உன் காலு தரையில படலடி."

கூச்சல் அடங்கியது. அண்ணி ஓடிவந்து அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்து, தரையோடு சேர்த்து அழுத்தினாள். இவள் இடுப்பில் செங்கல்லைக் கட்டியாவது தரையில் நிறுத்துவேன், விடமாட்டேன் என்பதுபோல் ஒரு பிடி.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க அண்ணி" என்றாள் மூட்டை. "நான்தான் வாய்க்கொழுப்புல சிரிச்சேன்."

"வாய மூடுடி" என்று அண்ணி அழுதாள்.

மேஸ்திரி மெல்லத் தொண்டையைச் செருமினார். "அந்தக் குட்டி எத்தன வருஷம் இருக்கும்?"

"முப்பது. நாப்பதும் இருக்கும்."

"இல்ல... அது இல்லாமப் போயிட்டா கனம் திரும்பி வந்துடுமில்ல? இப்பவே..." எல்லோர் கண்ணும் கூடைக்குப் போனது. அண்ணன் கண்ணும் போனது. அதைத்தான் மூட்டையால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அந்தப் பக்கம் பாக்காத" என்றாள். "அதோட ஆத்தா அசையாம இருந்துதான் உன் கை வந்துச்சு. தப்பு என்னோடது. அதுங்களோடது இல்ல."

அவன் கூடையிலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு அவள் முன்னால் வந்து, முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"என்னண்ணே இது? கை ஒடஞ்சிருக்கு."

"ஒரு கை இருக்கில்ல. ஏறு. காத்துல உன்ன நடத்திக் கூட்டிட்டுப் போகவா முடியும்?"

அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் நல்ல கையால் அவள் காலைப் பிடித்து நிமிர்ந்தான். நிமிர்ந்த வேகத்தில் தடுமாறினான். கனத்துக்குத் தயாராகக் குனிந்த முதுகுக்குக் கனம் வரவில்லை. அவன் முகத்தைப் பின்னாலிருந்து அவளால் பார்க்க முடியவில்லை, தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

சந்தைத் தெரு வழியாக நடந்தார்கள். அண்ணி கூடையோடு பின்னால் வந்தாள். பத்தடிக்கு ஒரு தடவை அண்ணன் நின்றான்.

"மூட்டை, இருக்கியாடி?"

"இருக்கேண்ணே."

இன்னும் பத்தடி நடப்பான். மறுபடியும் நிற்பான்.

"மூட்டை?"

"இருக்கேண்ணே. நட."

வீடு வரும் வரை அவன் கேட்டுக்கொண்டே போனான்.